செக்கு எண்ணெய் லேபிளில் இருக்கும் காளை யாருக்குச் சொந்தம்?

வாசகரின் கடிதம்

திருப்பூர் மாவட்டத்தின் ஒரு சிற்றூரிலிருந்து வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஊர், பெயர், பிராண்ட் மூன்றையும் விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவரும் கணவரும் மூன்று ஆண்டுகளாக மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறார்கள். கடலை, எள், தேங்காய். பிராண்டுக்குத் தன் பாட்டியின் பெயரையே வைத்திருக்கிறார். தொடங்கிய காலத்தில், கணவரின் நண்பருடைய தம்பியிடம் லோகோவும் மூன்று லேபிளும் செய்யச் சொன்னார்கள். பேசியது 16,000 ரூபாய், எல்லாம் வாய்ப்பேச்சு. ஜிபேயில் 12,000 போய்விட்டது. "பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும், காளை இன்னும் கம்பீரமா இருக்கட்டும்" என்று திருத்தம் மேல் திருத்தம் கேட்டதில் இரண்டு பக்கமும் சலிப்பு வந்து, பாக்கி 4,000 அப்படியே நின்றுபோனது. வாட்ஸப்பில் வந்த ஜேபெக் ஃபைலை வைத்துக்கொண்டே உள்ளூர் அச்சகத்தில் ஸ்டிக்கர் அடித்து ஓட்டிவந்தார்கள்.

இப்போது பவுச்சுக்கு மாறப் பார்க்கிறார்கள். பவுச் கம்பெனி ஓப்பன் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூல ஃபைல், கேட்கிறது. டிசைனர் தம்பியோ, "25,000 கொடுத்தால் ஃபைல் தருகிறேன். இல்லையென்றால் லோகோவையே எடுத்துவிடுங்கள், அது என்னுடையது. மீறினால் போலீஸுக்குப் போவேன்" என்கிறார். இதற்கு நடுவே, ஈரோட்டுக் கடை ஒன்றில் வேறொரு கம்பெனியின் எண்ணெய் டப்பாவில் அதே செக்குக் காளையைப் பார்த்ததாகவும் வாசகி எழுதியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை: "காசு கொடுத்தது நாங்கள், அப்படியென்றால் லோகோ எங்களுக்குத்தானே சொந்தம்? அந்தத் தம்பிமேல் மோசடிப் புகார் கொடுக்கலாமா? வேறு டிசைனரிடம் ஜேபெக்கைக் கொடுத்து அப்படியே வரைந்து வாங்கிக்கொள்ளலாமா? என் வீட்டுக்காரர், ஏஐயில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும் என்கிறார், சரியா? இனிமேல் ஒரு டிசைனரை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது நல்லதா?"

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பாதிக்குமேல் ஓப்பன் ஃபைலைப் பற்றித்தான் இருக்கிறது. ஈரோட்டு டப்பாவில் பார்த்த காளையைப் பற்றி ஒரே ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

காசு கொடுத்ததாலேயே சொந்தமாகிவிடுமா?

ஆகாது. பெரும்பாலான சிறுதொழில்காரர்கள் உங்களைப் போலத்தான் நினைக்கிறார்கள், அதில் தவறு சொல்ல முடியாது. கடையில் ஒரு பொருளுக்குக் காசு கொடுத்தால் அது நம்முடையது. ஆனால் வரைந்த படத்துக்குக் கணக்கு வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒரு படைப்பை உருவாக்கியவரே அதன் முதல் உரிமையாளர்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம் போன்ற சிலவற்றில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்கே உரிமை. அதனால் உங்கள் எண்ணெய் பாட்டிலைப் பணம் வாங்கிக்கொண்டு படம் எடுத்துக் கொடுத்தவர் அந்தப் படத்துக்கு உரிமை கொண்டாட முடியாது. லோகோவும் லேபிள் வடிவமைப்பும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. "காளைப் படமும் ஓவியம்தானே" என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். வாதாட இடம் இருக்கிறது என்பதை மட்டும் நம்பி லட்சக்கணக்கில் பவுச் அடிக்க நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு விதிவிலக்கு, வேலைக்காரர் முதலாளி உறவு. உங்களிடம் சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால் அது உங்களுடையது. அந்தத் தம்பி உங்கள் ஊழியர் அல்ல, தனியாகத் தொழில் செய்பவர்.

மற்றபடி உரிமை கை மாற வேண்டுமானால் அது எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையைக் கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும். 19ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஜிபே ரசீது பணம் போனதற்குச் சான்று, உரிமை வந்ததற்கு அல்ல. "சரிங்க அக்கா, எல்லாம் உங்களுதுதான்" என்று அவர் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தால் அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். முறையான உரிமை மாற்றத்துக்கு அது ஈடாகாது, ஆனால் பேச்சுவார்த்தையில் உதவும்.

அப்படியானால் இந்த மூன்று ஆண்டும் நீங்கள் திருட்டு லோகோவில் வியாபாரம் செய்தீர்களா? இல்லை. எண்ணெய் லேபிளுக்கென்றே கேட்டீர்கள், அதற்கென்றே அவர் வரைந்தார், பணத்தில் முக்கால் பங்கை வாங்கிக்கொண்டார், அச்சடிக்கத்தான் போகிறீர்கள் என்று தெரிந்தே ஃபைலை அனுப்பினார். அந்த லேபிள்களைப் பயன்படுத்த அவர் அனுமதி கொடுத்தார் என்றே எந்த நீதிமன்றமும் பார்க்கும் என்பது என் கணிப்பு. உங்கள் கையில் இருப்பது பயன்படுத்தும் அனுமதி, இல்லாதது உரிமை. தினசரி ஸ்டிக்கர் அடிக்க இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ட்ரேட்மார்க் (வணிகச் சின்னம்) பதிவுக்குப் போகும்போதும், இன்னொருவர் காப்பியடித்தால் தடுக்கப் போகும்போதும் தெரியும்.

போலீஸ் மிரட்டலும் உங்கள் மோசடிப் புகாரும்

அவருடைய மிரட்டலை வெறும் பூச்சாண்டி என்று ஒதுக்க வேண்டாம். தெரிந்தே பதிப்புரிமையை மீறுவது 63ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே சமயம் அவருடைய நிலையும் பலவீனமானது. தானே கொடுத்து, காசும் வாங்கி, மூன்று ஆண்டு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்போது திருட்டு என்றால் எடுபடாது. ஏதாவது நோட்டீஸ் வந்தால் மட்டும் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் பக்கத்து மோசடிப் புகாரும் அதே அளவு பலவீனமானதுதான். மோசடி என்றால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். அவர் வேலையைச் செய்து கொடுத்திருக்கிறார். ஓப்பன் ஃபைல் தருவதாகப் பேச்சே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இது சிவில் தகராறு, ஸ்டேஷனுக்குப் போனாலும் அதைத்தான் சொல்லி அனுப்புவார்கள். காளைப் படத்தை வேறொருவரின் படத்திலிருந்து எடுத்து, தான் வரைந்ததாகச் சொல்லி உங்களிடம் விற்றிருந்தால் மட்டும் கதை மாறும்.

பாக்கி 4,000 பற்றியும் ஒரு வார்த்தை. அதைப் பிடித்து வைத்திருப்பது உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் என்று நினைக்கிறீர்கள். அவர் உதயம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) பதிவு பெற்றவராக இருந்தால், 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் அவருக்குப் பணம் போய்ச்சேர்ந்திருக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 4,000க்கு வட்டி பெரிய தொகை ஆகப்போவதில்லை. ஆனால் "பாக்கி வைத்தவர்கள்" என்ற பேச்சு உங்கள் பக்கத்தைக் கெடுக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எத்தனை முறை திருத்துவது என்று பேசாமல் காளையின் கம்பீரத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டச் சொன்னது நீங்கள். அந்த உழைப்புக்கும் ஒரு விலை இருக்கிறது.

இப்போது அந்த இன்னொரு காளை

காங்கேயம் காளையும் செக்கும் சேர்ந்த படம் யாருக்கும் தனிச்சொத்து அல்ல. அந்தக் கருத்தை யார் வேண்டுமானாலும் வரையலாம். உங்கள் பகுதியில் எண்ணெய் ஆட்டுகிறவர்களில் பாதிப்பேர் லேபிளில் காளைதான் இருக்கும். ஒரு குறிப்பிட்ட கை வரைந்த குறிப்பிட்ட படத்துக்குத்தான் பாதுகாப்பு. அதனால் முதலில், ஈரோட்டில் பார்த்தது "அதே மாதிரி" காளையா, "அதே" காளையா என்று உறுதி செய்யுங்கள். இரண்டு லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். கொம்பின் வளைவு, திமில், கால் வைத்திருக்கும் கோணம், நுகத்தடியின் நிழல் எல்லாம் பொருந்துகிறதா என்று பாருங்கள். அந்த டப்பா ஒன்றை பில்லோடு வாங்கி வையுங்கள்.

அதே காளைதான் என்றால் மூன்று வாய்ப்புகள். ஒன்று, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்த இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் படம், அதாவது ஸ்டாக் படம் ஒன்றை எடுத்து அந்தத் தம்பி உங்களுக்குப் போட்டிருக்கலாம், வேறொரு டிசைனர் அதே படத்தை அவர்களுக்குப் போட்டிருக்கலாம். இரண்டு, அவரே வரைந்து இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கலாம். மூன்று, அவர்கள் உங்கள் லேபிளைப் பார்த்துக் காப்பியடித்திருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை சிறு ஊர்களில் முதலாவதுதான் அதிகம் நடக்கிறது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. காளையை மட்டும் வெட்டி எடுத்து கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அப்புறம் தம்பியிடம் சண்டை போடாமல் கேளுங்கள்: "இதைக் கையால் வரைந்தாயா, எங்கிருந்தாவது எடுத்தாயா? எடுத்திருந்தால் அந்தத் தளத்தின் ரசீதைக் காட்டு." கையால் வரைந்தவரிடம் பென்சில் கோட்டோவியமோ, பாதியில் நின்ற ஃபைல்களோ கட்டாயம் இருக்கும்.

ஸ்டாக் படம் என்று தெரிந்தால் 25,000 வேண்டாம், 5,000கூட வேண்டாம். அவருடையதல்லாத காளையை அவர் உங்களுக்கு எழுதிக்கொடுக்க முடியாது. ஸ்டாக் தளங்களின் உரிமம், பலரும் பயன்படுத்தலாம் என்ற பொது அனுமதிதான். கேன்வா, ஃப்ரீபிக் போன்றவை தங்கள் ஸ்டாக் படத்தை ட்ரேட்மார்க் லோகோவாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதிமுறையிலேயே வைத்திருக்கின்றன. அந்த நிலையில் வேறு ஒருவரை வைத்துப் புதுக் காளை வரையுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் கடையில் பாட்டியின் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள், காளையின் கொம்பைச் சொல்லி அல்ல. பெயர் நீங்கள் வைத்தது. அதை அழகாக எழுதிக் கொடுத்ததால் பெயர் டிசைனருடையது ஆகிவிடாது. அவர் உரிமை கொண்டாட முடிந்தால் அந்த எழுத்தின் வரைவடிவத்துக்கு மட்டும்தான்.

அவரே வரைந்து இரண்டு இடத்துக்கும் கொடுத்திருந்தால், அந்தக் கம்பெனிக்கு எழுத்தில் ஏதாவது கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் உங்களுக்குத் தனி உரிமை கிடைக்காது, புதுக் காளைதான் வழி.

உங்களுக்காக மட்டுமே வரைந்தது, மற்றவர்கள் காப்பியடித்தார்கள் என்றால் அதை முழுதாக விலைக்கு வாங்கிவிடுங்கள். வாங்கிய பிறகுதான் அவர்களைப் பதிப்புரிமையின் பெயரில் தடுக்க முடியும், அதுவரை அந்த வழக்கு தம்பியுடையது, உங்களுடையது அல்ல. எவ்வளவு கொடுக்கலாம்? சட்டத்தில் இதற்கு விலைப்பட்டியல் கிடையாது. மொத்த வேலைக்கே 16,000 பேசியிருக்கும்போது ஃபைலுக்கும் உரிமைக்கும் சேர்த்து 25,000 அதிகம்தான். பாக்கி 4,000த்தோடு மேலே எட்டாயிரம், பத்தாயிரம் என்று முடிந்தால் நான் நல்ல முடிவு என்பேன். வழக்குச் செலவு அதைவிடப் பல மடங்கு ஆகும்.

காகிதத்தில் என்ன எழுத வேண்டும்?

சட்டம் இந்த இடத்தில் சில கண்ணிகளை வைத்திருக்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்று கொள்ளப்படும். எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் எண்ணெய் அனுப்பும் எண்ணம் இருக்கிறதென்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் சொல்கிறேன். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்ற விதியும் உண்டு, வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அது பொருந்தாது. ஆகவே ஒரு பக்கத்தில் ஏறக்குறைய இப்படி:

"இத்துடன் இணைத்துள்ள லோகோ மற்றும் மூன்று லேபிள் வடிவமைப்புகளை நானே சொந்தமாக உருவாக்கினேன். இவற்றில் பிறருடைய படம் எதையும் பயன்படுத்தவில்லை. இவற்றை வேறு எவருக்கும் கொடுக்கவில்லை, இனியும் கொடுக்க மாட்டேன். இவற்றின் மீதான பதிப்புரிமை முழுவதையும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும், உலகம் முழுமைக்கும், ரூபாய் இவ்வளவு பெற்றுக்கொண்டு இன்னாருக்கு மாற்றிக் கொடுக்கிறேன். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த மாற்றம் செல்லும். திருத்தக்கூடிய மூல ஃபைல்களை இன்று ஒப்படைத்துவிட்டேன்."

லோகோவையும் லேபிள்களையும் கலரில் பிரிண்ட் எடுத்துப் பின்னால் வைத்து, ஒவ்வொரு தாளிலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முத்திரைத்தாள் எவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்பதை உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணத்தைக் கையெழுத்தான அன்றே வங்கி வழியாகக் கொடுங்கள்.

எல்லா உரிமையையும் வாங்கிய பிறகும் ஒன்று அவரிடமே நிற்கும். "இதை வரைந்தவன் நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் 57ஆம் பிரிவின்படி வரைந்தவருக்கே. அவர் தன் வேலைகளின் தொகுப்பில் உங்கள் லேபிளைக் காட்டினால் காட்டட்டும், உங்களுக்கு அதில் நஷ்டமில்லை. ஒரு கையெழுத்து வாங்கும்போது இப்படி ஒன்றை விட்டுக்கொடுப்பது பேச்சையும் இளக்கும்.

சிலர் இந்தக் காகிதத்திலேயே "வேறெந்த எண்ணெய்க் கம்பெனிக்கும் வேலை செய்யக் கூடாது" என்று சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்காதீர்கள். ஒருவர் தன் தொழிலைச் செய்யக் கூடாது என்று தடுக்கும் நிபந்தனை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி செல்லாது. உங்கள் படத்தை வேறெவருக்கும் கொடுக்கக் கூடாது என்பது வேறு, அது செல்லும்.

ஜேபெக்கை வைத்து வேறொருவர் வரைந்தால்?

தொழில்நுட்பமாக முடியும். எந்த டிடிபி சென்டரிலும் ட்ரேஸ் செய்து, அதாவது படத்தின் மேலேயே கோடு போட்டு வரைந்து, திருத்தக்கூடிய கோரல் ஃபைலாகக் கொடுத்துவிடுவார்கள். சட்டப்படி அதுவும் நகல்தான். ஸ்டிக்கர் அளவுக்கு உங்களுக்கு இருக்கும் அனுமதி, வேறொருவரை வைத்து மறு உருவாக்கம் செய்து புதுப் பொருளில் போடுவதற்கும் நீளுமா என்பது சந்தேகம். அந்தத் தம்பி காத்திருக்கும் வாய்ப்பையே நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தது போலாகும்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் ஏஐ வழியை நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என்ன மாதிரி வேண்டும் என்று டிசைனருக்குப் புரியவைக்க அது நல்ல கருவி. அதையே லோகோவாக வைத்துக்கொள்வதில்தான் சிக்கல். கணினி உருவாக்கும் படைப்புக்கு, அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்று நம் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, ஆனால் அது ஏஐ வருவதற்கு வெகுகாலம் முன்பு எழுதியது. இன்றைய ஏஐ படத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பது இங்கே இன்னும் தீர்ந்த விஷயமல்ல. நாளைக்கு ஒருவர் காப்பியடித்தால் "இது என் படைப்பு" என்று நீங்கள் நிற்கும் தரை ஆட்டம் காணும்.

பவுச்சுக்குப் போகுமுன்

பவுச் ஆர்டரை இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள் என்பது என் கண்டிப்பான யோசனை. ஸ்டிக்கரில் தவறு இருந்தால் அடுத்த கட்டில் திருத்திக்கொள்ளலாம். பவுச்சுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் (அச்சு உருளை) செதுக்குவார்கள், ஓர் எழுத்து மாறினாலும் சிலிண்டர் மாற வேண்டும். காளை யாருடையது என்று தெரியாமல் சிலிண்டர் போட்டு, பிறகு காளையை எடுக்க நேர்ந்தால், இன்றைக்கு நீங்கள் கணக்குப் பார்க்கும் 25,000 ஒன்றுமில்லாமல் போய்விடும். சிலிண்டருக்கான காசு நீங்கள் கொடுப்பதால் அது உங்களுடையது என்றும், கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்றும் பவுச் கம்பெனியின் கொட்டேஷனிலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

லேபிளில் சட்டம் கேட்கும் விவரங்கள் சரியாக இருக்க வேண்டியது டிசைனரின் பொறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, அது முழுக்க உங்கள் பொறுப்பு. அதிகாரி வந்தால் உங்களிடம்தான் வருவார். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளும், 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருட்கள் விதிகளும் கேட்பவற்றை, அதாவது பொருளின் பெயர், ஊட்டச்சத்து விவரம், பச்சைப் புள்ளிச் சைவக் குறி, 14 இலக்க உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, நுகர்வோர் புகார் எண், நிகர அளவு ஆகியவற்றை, நீங்களே தட்டச்சு செய்து டிசைனரிடம் கொடுங்கள். சமையல் எண்ணெய்க்கு நிகர அளவை வெப்பநிலையைச் சேர்க்காமல் மில்லி லிட்டரில் போட்டு, எடையையும் கிராமில் போட வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு அறிவுறுத்தியது. அரை லிட்டர் பவுச்சுக்கு ஒரு மில்லிக்கு என்ன விலை என்பதும் வேண்டும். ஒரு லிட்டருக்குத் தேவையில்லை, ஏனென்றால் விலையும் அலகு விலையும் ஒன்றே. விலை, தேதி, பேட்ச் எண் ஆகியவற்றுக்குச் சிலிண்டரில் வெற்றிடம் விட்டு, மெஷினில் தனியாக அடித்துக்கொள்ளுங்கள்.

"கொலஸ்ட்ராலை விரட்டும்", "இதயத்துக்கு இதம்" போன்ற வரிகளை அடுத்த கம்பெனி போட்டிருக்கிறதே என்று டிசைனர் அப்படியே எடுத்துப் போடுவார். அவை இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்த டிசைனர்

புதுக் காளை வரைவதோ, வாங்கிய காளையைப் பவுச்சுக்கு ஏற்ப மாற்றுவதோ, ஒருவரைத் தேட வேண்டியதுதான். ஃபோனில் காட்டும் மினுமினுப்பான மாதிரிப் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவர் வடிவமைத்து அச்சாகிக் கடைக்கு வந்த பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள், அதை அடித்த அச்சகத்துக்காரரிடம் "ஃபைல் சுத்தமா வருமா?" என்று கேளுங்கள். பவுச்சுக்கு என்ன அளவு, எத்தனை நிறம், வெட்டு ஓரத்துக்கு எவ்வளவு இடம் என்ற விவரத்தைப் பவுச் கம்பெனியிடமிருந்து முதலில் வாங்கி, டிசைனர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும்.

தமிழ் எழுத்தில் தனிக் கவனம் வேண்டும். நம் டிசைனர்களில் பலர் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய பழைய எழுத்துருக்களையே இன்னும் வைத்திருக்கிறார்கள், அதில் பாதி எங்கிருந்தோ நகலெடுத்தவை. வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமான, திறந்த உரிமம் உள்ள நல்ல தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. முக்த மலர், கேட்டமரன் (Catamaran), மீரா இனிமை, பாலூ தம்பி, ஹிந்த் மதுரை எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும். எந்த எழுத்துரு, என்ன உரிமம் என்று டிசைனர் ஒரு வரி எழுதித் தரட்டும். சில மென்பொருள்களில் இந்திய மொழி அமைப்பு சரியாக இல்லாவிட்டால் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அச்சுக்குப் போகும் கடைசி ஃபைலைத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்து எழுத்தாகப் பார்த்துக் கையெழுத்திடட்டும். அந்தக் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.

பேச வேண்டியவற்றை இந்த முறை வாட்ஸப்பிலாவது எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன செய்ய வேண்டும், எத்தனை மாதிரி காட்டுவார், எத்தனை திருத்தம் வரை இதே தொகையில், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, எந்தெந்த ஃபைல் தருவார், படம் எல்லாம் சொந்தமா ஸ்டாக்கா. பாதி அட்வான்ஸ், மீதி ஃபைலும் கையெழுத்தும் கைக்கு வரும்போது. மூன்று பேரிடம் சும்மா வரைந்து காட்டச் சொல்லி ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று பேரிடமும் கேளுங்கள், மூன்று பேருக்கும் மாதிரிக்கான காசைக் கொடுங்கள். இலவசமாக வரைந்து தருபவர் ஸ்டாக் தளத்துக்குத்தான் போவார், பிறகு மறுபடியும் இந்தக் காளைப் பிரச்சினை.

சம்பளத்துக்கு ஆள் வைப்பது உங்கள் அளவுத் தொழிலுக்கு இப்போது தேவையில்லை. மூன்று எண்ணெய்க்கு மாதம் முழுக்க டிசைன் வேலை இருக்காது. மாதம் ஒரு தொகை பேசி, பண்டிகைப் போஸ்டர், இன்ஸ்டாகிராம் படங்கள் என்று ஒருவரிடம் வாங்கிக்கொள்ளலாம். மாதா மாதம் பணம் கொடுப்பதால் மட்டும் அவர் உங்கள் ஊழியர் ஆகிவிட மாட்டார், அவர் வரைவதும் தானாக உங்களுடையது ஆகிவிடாது. அவரிடமும் தொடக்கத்திலேயே மேலே சொன்ன காகிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பாக, இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பாட்டியின் பெயரை எழுத்தாக மட்டும், படமில்லாமல், ட்ரேட்மார்க்குக்கு விண்ணப்பித்துவிடுங்கள். காளைச் சண்டை முடியும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை. கிண்டியில் உள்ள பதிவகத்துக்கு இணையம் வழியாகவே அனுப்பலாம். ட்ரேட்மார்க் பதிவில் பொருட்களைப் பிரித்திருக்கும் வகுப்புகளில் சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும். தேங்காய் எண்ணெயைத் தலைக்குத் தேய்க்க என்று விற்கும் எண்ணம் இருந்தால் 3ஆம் வகுப்பிலும் போட வேண்டும். தனிநபருக்கும் உதயம் பதிவுள்ள சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. மூன்று ஆண்டாக இந்தப் பெயரில் விற்கிறீர்கள் என்பதற்குப் பிரமாணப் பத்திரம் வேண்டும், கூடவே முதல் ஆண்டின் பில்கள், ஸ்டிக்கர் அடித்த அச்சகத்தின் ரசீதுகள். "மரச்செக்கு", "நாட்டு" போன்ற சொற்களை யாரும் தனதாக்கிக்கொள்ள முடியாது, அதனால் பெயரை மட்டும் முன்னால் வையுங்கள். பதிவுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியை லேபிளில் போடாதீர்கள், டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம். விண்ணப்பம் உங்கள் பெயரிலா, கணவர் பெயரிலா, கடைப் பெயரிலா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு, உதயம் சான்றிதழிலும் உணவு உரிமத்திலும் உரிமையாளராக யார் இருக்கிறாரோ அதோடு ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.